நூற்று அறுபத்திரண்டில் எழுபத்தொன்று

என் அண்ணி பதினான்கு வருடம் ஒரு ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தவர். நெஞ்சிலும் கையிலும் காலிலும் ஒயரை ஒட்டி, மெஷினிலிருந்து சர்ரென்று வெளியே வரும் கட்டம் போட்ட காகிதப் பட்டையை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. படித்துச் சொல்வது டாக்டரின் பொறுப்பு. ஆனால் பதினான்கு வருடம் கையில் பிடித்த பட்டையைப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? டாக்டர் கையெழுத்துப் போட்டு நகர்த்திய பட்டையை, "சார், ஆறாவது துடிப்பை மட்டும் இன்னொரு தடவை பாருங்க" என்று திரும்ப நீட்டியவர் அவர். அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு 'ஆறாவது' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நாத்தனார் அண்ணியைப் பற்றி எழுதினால் குறை சொல்லத்தான் எழுதுவாள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. குறையும் இருக்கிறது. அவர் கழுவிய பாத்திரத்தில் பாதி சோப்பு அப்படியே இருக்கும். அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி அவரை இந்த ஊருக்கு மாற்றியது. எனக்கும் இங்கேயே தபால் ஆபீஸில் இடம் கிடைத்ததால் மூவரும் ஒரே வீட்டில் குடியேறினோம். அண்ணி இங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டார். அங்கே மெஷினே பட்டையைப் படித்து, அடியில் நோயின் பெயரையும் அச்சடித்துக் கொடுத்துவிடுமாம். "ஒயர் ஒட்ட மட்டும் ஆள் வேணும்னாங்க. நான் ஒட்டுறதுக்குப் பொறக்கலைன்னு வந்துட்டேன்" என்றார். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வானாய்வு நிலையத்தின் விளம்பரம் வந்தது. தகவல் அறைக்கு உதவியாளர் தேவை, வரைபடங்களைப் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அண்ணி விண்ணப்பத்தை என்னிடம் காட்டிவிட்டு, "வரைபடம்னா எனக்குத் தெரியும். எதோட வரைபடம்னு அவங்க சொல்லட்டும்" என்றார்.

வேலை கிடைத்தது. தொலைநோக்கி நாலு மணி நேரப் பயணத்தில் ஒரு மலைமேல் இருந்தது. அண்ணி அதை இன்றுவரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். தகவல் அறை ஊருக்குள், ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எப்போதும் பாதி இறக்கியே கிடக்கும் ஜன்னல் திரை, டீ போடும் கெட்டில். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. தலைமை ஒரு பேராசிரியை. ஐம்பதை நெருங்கியவர், அளந்து பேசுகிறவர். அவருக்குக் கீழே ஒரு புரோகிராமர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. இவர்கள் இருவரோடு அண்ணி மூன்றாவது ஆள்.

முதல் நாள் சாயங்காலம் அண்ணி எங்களுக்கு வேலையை விளக்கினார். சில விண்மீன்கள் ஊதிப் பெருத்துச் சுருங்கிக்கொண்டே இருக்கும். அதனால் அவற்றின் ஒளி கூடும், குறையும். இவர்கள் பார்க்கும் வகைக்கு ஒரு துடிப்பு ஏறக்குறைய அரை நாள். விறுவிறுவென்று ஏறி, உச்சியைத் தொட்டு, சாவகாசமாக இறங்கும்.

"மேலே போறது, கீழே வர்றது. என் லிஃப்ட்தானே" என்றார் அண்ணன்.

"உங்க லிஃப்ட் நடுவுல நிக்கும். இது நிக்காது" என்றார் அண்ணி.

ஐந்து வருடமாக அந்தத் தொலைநோக்கி இப்படி நூற்று அறுபத்திரண்டு விண்மீன்களை அளந்து வைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான புள்ளிகள். புரோகிராமர் எழுதிய மென்பொருள் ஒரு விண்மீனின் எல்லாத் துடிப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே கோடாகக் காட்டும். கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளிகளுக்குச் சிவப்பில் பெருக்கல் குறி போடும். மேகம் மறைத்திருக்கும், காற்று கலங்கியிருக்கும், அதனால் வந்த அழுக்கு என்று கணக்கு. அண்ணி அதைப் பார்த்து ஒப்புக்கொண்டு, அழிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பெரும்பாலான விண்மீன்களை அவருக்கு முன்னால் இருந்தவரே முடித்துவிட்டுப் போயிருந்தார். பாக்கி முப்பத்தைந்துதான்.

மூன்றாவது வாரம், நூற்று முப்பத்தேழாம் எண். பொத்தான்மேல் விரலை வைத்த அண்ணி எடுத்துவிட்டார். புரோகிராமரைக் கூப்பிட்டார்.

"இந்தச் சிவப்பெல்லாம் ஏன் உச்சியிலேயே இருக்கு?"

"விலகின புள்ளிங்க மேடம். அழிச்சிடுங்க."

"அழுக்குன்னா எல்லா இடத்துலயும் ஒட்டணும். ஆஸ்பத்திரியில ஒயர் லூஸா இருந்தா பட்டை முழுக்க நடுங்கும், ஒரு இடத்துல மட்டும் நடுங்காது. இங்க சரிவுல ஒண்ணுமே இல்லை, சுத்தமா இருக்கு. உச்சியில மட்டும் மேகம் வந்து உக்காருமா?"

புரோகிராமருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அடுக்கி வைத்த துடிப்புகளைப் பிரித்து, தேதிவாரியாக வரிசைப்படுத்தச் சொன்னார் அண்ணி. பிரித்தார்கள். உச்சி ஒரு நாள் உயரமாக இருந்தது. நாளாக நாளாகக் குட்டையானது. பிறகு மெல்ல வளர்ந்து பழைய உயரத்துக்கு வந்தது. ஒரு சுற்றுக்கு நாற்பத்தோரு நாள். ஐந்து வருடமும் அப்படியே.

"துடிப்பே கூடிக் குறையுது" என்றார் அண்ணி.

இதொன்றும் புதிய விஷயமில்லை என்று புரோகிராமர் விளக்கினார். இப்படி உச்சி ஏறி இறங்கும் விண்மீன்கள் உண்டு. நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரியும். ஏன் அப்படி என்பதுதான் இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நாலில் ஒன்று அப்படி இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நிலையத்தின் பட்டியலில் நூற்று அறுபத்திரண்டில் நாற்பத்தொன்று அந்த ரகம் என்று ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார்கள்.

"அந்தப் பட்டியல்ல இது இருக்கா?"

புரோகிராமர் தேடினார். இல்லை. சிரிப்பு போய்விட்டது. பட்டியல் தயாரித்ததும் அவருடைய மென்பொருள்தான். விலகிய புள்ளிகளை முதலில் வெட்டிவிட்டு, வெட்டியது போக மிச்சத்தில் மாற்றம் இருக்கிறதா என்று அது தேடியிருக்கிறது.

"அப்ப முன்னாடி அழிச்சதெல்லாம்?" என்று கேட்டார் அண்ணி.

"மூலக் கோப்பு பத்திரமா இருக்கு, அக்கா" என்றார் அவர். மேடம் அக்காவானது அந்த நிமிடத்தில்தான்.

பேராசிரியை ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்று விட்டுப்போயிருக்கலாம், சேர்த்துக்கொள்ளலாம். அதற்காக நூற்று அறுபத்திரண்டையும் முதலிலிருந்து பார்க்க நேரமில்லை என்றார். ஐந்து வருட உழைப்பைக் கட்டுரையாக எழுதி முடித்திருந்தார் அவர். அடுத்த மாதம் அனுப்ப வேண்டும். அண்ணி வாதாடவில்லை. "சாப்பாட்டு நேரத்துல நான் என்ன பண்ணாலும் பரவாயில்லையா மேடம்?" என்று மட்டும் கேட்டார். பரவாயில்லை என்று பதில் வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் ஒன்றிரண்டு விண்மீன்களைத் தேதிவாரியாகப் பிரித்து அச்சடித்தார். சனிக்கிழமைகளில் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வருடத்துக்கு ஒரு தாள் என்று ஐந்து தாள்களை ஒட்டினால் ஒரு விண்மீன். ஒட்டுவது என் வேலை. தபால் ஆபீஸ்காரிக்குப் பசை புதிதா என்ன? சமையலறை வாசலிலிருந்து முன்னறை ஜன்னல் வரை தரை முழுவதும் பட்டைகள். அண்ணி முட்டி போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பார்வையை ஓட்டிக்கொண்டே நகர்வார். அண்ணன் டம்ளரோடு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து போவார். "என் வீட்டுல நானே திருடன் மாதிரி நடக்குறேன்" என்பார். ஆனால் ஒரு பட்டைமேல்கூட அவர் கால் பட்டதில்லை.

நானும் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அண்ணி, "இங்க பாரு, மூச்சு வாங்குது" என்று ஒரு இடத்தில் விரலை வைப்பார். அவர் காட்டிய பிறகு தெரியும். அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

கட்டுரை அனுப்பும் தேதி ஏதோ காரணத்தால் இரண்டு முறை தள்ளிப்போனது, அண்ணியின் நல்ல காலம். ஐந்து மாதத்தில் எல்லாவற்றையும் முடித்து, உச்சி கூடிக் குறைகிறவற்றை எண்ணினார். எழுபத்தாறு. பாதிக்குக் கொஞ்சம் குறைவு. மிக நன்றாகத் தெரிந்த ஒரு பட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு பேராசிரியையைப் பார்க்கப் போனார்.

அன்று மாலை திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

விண்மீனின் ஒளியைத் தனியாக அளக்க முடியாதாம். பக்கத்தில் மாறாமல் இருக்கும் வேறொரு விண்மீனோடு ஒப்பிட்டுத்தான் அளப்பார்கள். அண்ணி கொண்டுபோன அந்த ஒன்றில், ஒப்பிடுவதற்கு வைத்துக்கொண்ட பக்கத்து விண்மீனே கூடிக் குறைகிற ஆசாமி. அது ஏறினால் இது இறங்கியது போலத் தெரியும். பேராசிரியை இரண்டே நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்து, புரோகிராமர் முன்னாலேயே சொல்லிவிட்டார். கடைசியில், "தேடுற கண்ணுக்குத் தேடினது கிடைக்கத்தான் செய்யும்" என்றும் சொன்னாராம். திட்டவில்லை. அதுதான் அண்ணியைச் சுட்டது.

அண்ணனுக்குக் கோபம். "அந்தம்மா மிச்சத்தைப் பார்த்தாங்களா? ஒண்ணு தப்புன்னா எல்லாமே தப்பா?"

"அவங்க சொன்னது சரிங்க" என்றார் அண்ணி. "மிச்சத்துல எத்தனை இப்படி இருக்குன்னு எனக்கே தெரியாதே. தெரியாம எப்படி எழுபத்தாறுன்னு போய் நின்னேன்?"

அவமானப்பட்டவர்கள் இரண்டு விதம். சிலர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அண்ணி மறுநாள் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனார். எழுபத்தாறையும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்து விண்மீன்கள் இரண்டை வைத்து, மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தார். இன்னும் நாலு விழுந்தன. அந்த ஐந்தின் எண்களையும் ஒரு தாளில் எழுதி, 'இவை என் தவறு' என்று தலைப்பிட்டு, பேராசிரியையின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். எழுபத்தொன்று நின்றது.

அந்தத் தாள்தான் பேராசிரியையை அசைத்தது என்று புரோகிராமர் பிற்பாடு சொன்னார். தான் கண்டுபிடித்தது ஒன்று, இவராகவே போய்க் கண்டுபிடித்தது நாலு. தாளைக் கையில் பிடித்தபடியே வந்து அண்ணியின் மேசை எதிரில் நின்றாராம்.

"உங்க கண்ணைச் சோதிச்சுப் பார்க்கணும். சம்மதமா?"

"ஆஸ்பத்திரியில மெஷினை வருஷத்துக்கு ஒரு தடவை சோதிப்பாங்க மேடம். என்னையும் சோதிக்கட்டும்."

சோதனை இப்படி. புரோகிராமர் இருநூறு பொய் விண்மீன்களைக் கம்ப்யூட்டரில் உருவாக்கினார். அவற்றில் சிலவற்றுக்கு உச்சி ஏறி இறங்கும். சில தாராளமாக, சில மிக மிகக் கொஞ்சமாக. மீதியில் உச்சி அசையாது. மேகம், கலங்கல், விட்டுப்போன நாட்கள் எல்லாவற்றையும் நிஜம் போலவே சேர்த்துக் கலைத்து வைத்தார். எத்தனை எந்த ரகம் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அண்ணி பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு நாள் கொடுத்தார்கள்.

அந்த ஆறு நாளும் வீட்டில் அண்ணி யாரோடும் அதிகம் பேசவில்லை. பதற்றமா என்று கேட்டேன். "இல்லை. கண்ணைச் சேமிக்கிறேன்" என்றார். அண்ணன் டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்தார். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டேன். அதில் எனக்கும் லாபம்தான்.

ஏழாம் நாள் காலையில் மூவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். புரோகிராமர் விடைத்தாளைப் பிரித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஏறி இறங்கும்படி அவர் செய்து வைத்தவை எண்பது. அண்ணி எழுபது என்று குறித்திருந்தார். அந்த எழுபதில் அறுபத்தொன்பது சரி. இல்லாததை இருக்கிறது என்று சொன்னது ஒன்றே ஒன்று. இருந்தும் அவர் கண்ணுக்குத் தப்பியவை பதினொன்று. எல்லாமே மிகக் கொஞ்சமாக அசைபவை.

பேராசிரியை பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க கூட்டிச் சொல்லலை" என்றார் பிறகு. "ஒண்ணைத் தவிர உங்க தப்பெல்லாம் விட்டுப்போன தப்பு. அப்படின்னா எழுபத்தொண்ணுங்கிறது..."

"குறைஞ்சது எழுபத்தொண்ணு மேடம்."

"ஆமா. குறைஞ்சது."

அன்று மதியமே பேராசிரியை தன் கட்டுரையை நிறுத்தி வைத்தார். 'நாலில் ஒன்று' என்று அவர் கைப்பட எழுதிய கட்டுரை. இந்தக் கதையில் நான் பெருமைப்படும் ஆட்களில் அவரையும் சேர்த்துக்கொள்கிறேன். ஐந்து வருடம் கட்டியதைத் தன் கையாலேயே பிரித்துவிட்டு, மறுபடி கட்ட உட்காருவது எல்லோருக்கும் வராது. அந்த வேலைக்குப் பத்து மாதம் பிடித்தது. புரோகிராமர் மென்பொருளைத் திருத்தினார். முதலில் வெட்டாமல் முதலில் தேடும்படி. திருத்திய பிறகு அதுவும் அறுபத்தெட்டைக் கண்டுபிடித்தது. மீதி மூன்றில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. அண்ணி காட்டிய பிறகு புரோகிராமருக்குத் தெரிந்தது.

கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன. அண்ணியின் பெயர் இரண்டாவது. அதைப் படித்துப் பார்த்த நிபுணர்களில் ஒருவர், கண்ணால் பார்த்து முடிவு செய்தவருக்கு இதில் என்ன பயிற்சி என்று எழுத்தில் கேட்டிருந்தார். பேராசிரியை எழுதிய பதிலின் நகலை அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். 'பதினான்கு ஆண்டுகள் மனித இதயங்களின் துடிப்பு வரைபடங்களைப் பார்த்தவர். எங்கள் சோதனையில் அவர் இல்லாததைச் சொன்னது, உச்சி அசையாத நூற்றிருபதில் ஒருமுறை. எங்கள் மென்பொருளுக்கு அது ஒன்பது.' அதற்குப் பிறகு அந்த நிபுணர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மறு வருடம் துறைக்காரர்கள் கூடும் மாநாடு எங்கள் ஊரிலேயே நடந்தது. பத்து நிமிடம் நீங்களே பேசுங்கள் என்று பேராசிரியை சொன்னபோது அண்ணி முடியவே முடியாது என்றார். "எனக்குப் பேச வராது மேடம். காட்டத்தான் வரும்."

"காட்டுங்க. அது போதும்."

நானும் அண்ணனும் கடைசி வரிசையில் உட்கார அனுமதி வாங்கினோம். அண்ணன் வேலைச் சட்டையை மாற்றிக்கொண்டு, பழக்கத்தில் நல்ல சட்டையின் பையிலும் ஸ்குரூடிரைவரைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். அரங்கத்தில் நூற்றைம்பது பேர் இருக்கும். அண்ணி மேடையேறினார். முதலில் கையிலிருந்த தாளைப் பார்த்தே படித்தார். திரையில் நூற்று முப்பத்தேழாம் எண் வந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டார். விரலை வைத்துக் காட்ட ஆரம்பித்தால் அவர் வேறு ஆள்.

பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். துறையில் மதிப்புள்ளவர் என்பது மற்றவர்கள் திரும்பிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

"அப்போ இந்த வகையில ஏறக்குறைய பாதி இப்படித்தான்னு நாங்க எடுத்துக்கலாமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அண்ணி மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

"நான் பார்த்தது நூத்தி அறுபத்திரெண்டு, சார். அதுல எழுபத்தியொண்ணு மாறுது. மீதி தொண்ணூத்தியொண்ணும் மாறலைன்னு நான் சொல்லமாட்டேன். மாறுறது எனக்குத் தெரியலைன்னு மட்டும்தான் சொல்வேன். நான் பார்க்காததைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

பெரியவர் உட்காரவில்லை. நின்றபடியே கைதட்ட ஆரம்பித்தார். அரங்கம் முழுவதும் தட்டியது. அண்ணன் தட்டவில்லை. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் பங்கையும் சேர்த்துத் தட்டினேன்.

இடைவேளையில் அந்தப் பெரியவர் அண்ணியைத் தேடி வந்து, எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். அண்ணி பழைய ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். பல்கலைக்கழகம் என்று நினைத்துக்கொண்ட அவர், "நல்ல இடம்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். நாங்கள் மூவரும் வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இப்போது அண்ணி வானத்தின் வேறொரு பகுதியில் நூற்றுப் பதினெட்டு விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தகவல் அறையில் அவருக்குக் கீழே இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். போன வாரம் கணக்கு முடிந்தது. இந்தத் தடவை நாற்பத்து நாலுதான் வந்தது. முந்தையதைவிடக் குறைவு.

"என்ன அண்ணி, இறங்கிடுச்சே" என்றேன்.

"இந்த இடத்துல இவ்வளவுதான் தெரியுது" என்றார். "அங்க வந்த நம்பர் இங்கயும் வரணும்னு நான் ஆசைப்பட ஆரம்பிச்சா, என்னை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லு."

தூக்க மாட்டார்கள். பேராசிரியை அந்த நாற்பத்து நாலைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கட்டுரையில் எழுதிக்கொண்டார் என்று புரோகிராமர் என் கவுண்டருக்கு ஒரு பார்சலோடு வந்தபோது சொன்னார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தபால் ஆபீஸ் அதிகாரி, "யாரு அவங்க?" என்று விசாரித்தார். என் அண்ணி என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். வரிசையில் நின்ற நாலு பேருக்கும் கேட்டிருக்கும்.